தகுதிச் சோதனைக்கு முன் ஒரு பக்க முகப்பு விளக்கு மங்கலாக எரிகிறது: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

வணக்கம். எனது கார் பழையது. முகப்பு விளக்குகளில் எச்4 வகை ஹாலஜன் பல்புகள் (லோ பீம், ஹை பீம் இரண்டிற்குமான இழைகள் ஒரே பல்பில் இருப்பவை) உள்ளன. அடுத்த வாரம் தகுதிச் சோதனைக்குக் கொண்டு செல்ல வேண்டியிருக்கும் நிலையில், இடப்பக்க விளக்கு வலப்பக்க விளக்கைவிட மங்கியும் சற்றுச் செம்மஞ்சளாகவும் எரிகிறது. லோ பீம், ஹை பீம் இரண்டிலும் இதே நிலைதான். பல்பின் ஆயுள் முடிந்திருக்கும் என்று எண்ணி அந்தப் பக்கத்தில் புதியதைப் போட்டேன். குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. இடப்பக்க இண்டிகேட்டரைப் போடும்போது, அது மின்னும் தாளத்திற்கு ஏற்ப இந்த விளக்கும் லேசாக மங்கி மீள்கிறது. அதற்கும் இந்தப் பழுதுக்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.

இதைத் தவிர, இரு விளக்குகளின் மேல்மூடியும் பழுப்பேறிச் சொரசொரப்பாக இருக்கின்றன. மூடிகளைத் தேய்த்துத் துலக்குவதா, விளக்குத் தொகுதியையே மாற்றுவதா, அல்லது நண்பர் ஒருவர் சொல்வதுபோல் எல்.இ.டி. பல்புகளைப் போட்டுவிடுவதா? சோதனையில் தேறுவது மட்டும் என் நோக்கமன்று. இரவில் குடும்பத்தோடு செல்லும் வாகனம் என்பதால் முறையாகவே செய்துவிட விரும்புகிறேன்.

முதல் பதில்

நீங்கள் ஐயத்தோடு குறிப்பிட்ட இண்டிகேட்டர் செய்தியிலிருந்தே தொடங்குங்கள். முகப்பு விளக்கும் அதே பக்கத்து இண்டிகேட்டரும் பெரும்பாலும் ஒரே எர்த் இணைப்பை, அதாவது மின்னோட்டம் காரின் உடற்பகுதி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பை, பகிர்ந்துகொள்கின்றன. அந்த இணைப்பில் துரு ஏறி மின்தடை கூடியிருந்தால், இண்டிகேட்டர் மின்னும் ஒவ்வொரு முறையும் கூடுதல் மின்னோட்டம் அதே வழியாகத் திரும்ப வேண்டியிருப்பதால், முகப்பு விளக்குக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. புதிய பல்பு போட்டும் பயனில்லாமல் போனதற்குக் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

ஹாலஜன் பல்பைப் பொறுத்தவரை மின்னழுத்தத்தில் ஏற்படும் சிறு குறைவும் பெரிய இழப்பாகிறது. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். இழையின் வெப்பநிலையும் தாழ்வதால் நிறம் செம்மஞ்சள் பக்கம் சாயும். நீங்கள் விவரித்திருப்பது அப்படியே பொருந்துகிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு மல்டிமீட்டர் போதும். ஆனால் பல்பின் பின்னால் மாட்டும் கனெக்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு அளக்காதீர்கள். மின்னோட்டம் ஓடாத நிலையில், கெட்டுப்போன இணைப்பும் முழு மின்னழுத்தத்தையே காட்டி நம்மை ஏமாற்றிவிடும். பல்பு மாட்டியபடி எரிந்துகொண்டிருக்கும்போதே, மீட்டரின் ஒரு முனையைக் கனெக்டரின் பின்புறம் வழியாக எர்த் கம்பியிலும், மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்துப் பாருங்கள். நல்ல இணைப்பில் 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது என்று தயங்காமல் முடிவு செய்யலாம். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் பல்புக்கு வரும் கம்பிக்கும் இடையே இதே சோதனையைச் செய்தால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் ஆகியவை அடங்கிய பக்கத்தின் நிலையும் தெரிந்துவிடும். அங்கு அரை வோல்ட் வரை இருப்பது இயல்பு. ஒரு எச்சரிக்கை: சில ஜப்பானிய வாகனங்களில் எச்4 பல்பின் பொதுமுனைக்கு நேரடியாகப் பாசிட்டிவ் மின்சாரம் வரும், சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். உங்கள் வாகனம் அத்தகையதா என்று வயரிங் வரைபடத்தில் பார்த்துக்கொண்டு அளவிடுங்கள்.

எர்த் போல்ட் வழக்கமாக விளக்குக்குப் பின்னால், உடற்பகுதியின் உள்தகட்டில் இருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் போல்ட்டையும் வளைய முனையையும் தகட்டையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக முடுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவுங்கள். பல்பு ஹோல்டர் கருகியோ உருகியோ இருந்தால், அதைத் துடைத்து மீண்டும் பயன்படுத்தாமல் மாற்றிவிடுவதே நல்லது. சூட்டில் தளர்ந்த முனைகள் மீண்டும் சூடேறிக்கொண்டேதான் இருக்கும்.

இரண்டாம் பதில்

மின்சாரப் பக்கத்தை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. மூடியைப் பற்றியும் ஒளியின் கோணத்தைப் பற்றியும் நான் சொல்கிறேன். ஏனெனில், வெளிச்சம் போதுமான அளவு இருந்தும் கோணம் தவறியதால் திருப்பி அனுப்பப்படும் வாகனங்கள் உண்டு.

இக்கால விளக்கு மூடிகள் பாலிகார்பனேட்டால் ஆனவை. அவற்றின் மேல் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். வெயிலில் அது சிதையும்போதுதான் மஞ்சளும் சொரசொரப்பும் தோன்றுகின்றன. நீங்கள் சொல்லும் நிலையில், கெட்ட பூச்சை முழுவதுமாக நீக்குவதே வழி. சுற்றியுள்ள பெயிண்ட்டின் மீது மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டு, 800 எண் வாட்டர் பேப்பரில் (நீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும்) தொடங்கி 1500, 2000, 3000 என்று நீர் விட்டுத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். முந்தைய தாளின் கீறல்கள் முற்றிலும் மறைந்த பிறகே அடுத்த தாளுக்குச் செல்லுங்கள். பாலிஷ் செய்தபின் மூடி புதியதுபோல் தோன்றும். பலரும் அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சை அதன்மேல் அடிக்காவிட்டால் சில மாதங்களிலேயே மஞ்சள் திரும்பிவிடும். பற்பசையைக் கொண்டு தேய்க்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது ஓரளவு பளபளப்பைத் தந்தாலும் பாதுகாப்பு எதையும் தராது. மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் தேங்கியிருந்தாலோ, பிரதிபலிப்பானின் வெள்ளிப்பூச்சு உரிந்திருந்தாலோ வெளியே தேய்ப்பதில் பொருளில்லை. அப்போதுதான் தொகுதியை மாற்ற வேண்டும். மாற்றுவதாக இருந்தால், சாலையின் எந்தப் பக்கத்தில் வாகனங்கள் செல்லும் நாட்டுக்காக அது செய்யப்பட்டது என்பதைக் கட்டாயம் பாருங்கள். லோ பீம் ஓரத்துப் பக்கம் உயர்ந்தும் எதிர்வருபவர் பக்கம் தாழ்ந்தும் விழும்படி அமைக்கப்படுவதால், மாறான தொகுதியைப் போட்டால் எதிரே வருபவரின் கண்கள் கூசும்.

கோணத்தை நீங்களே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். டயர்களில் சரியான காற்றழுத்தம் இருக்கட்டும். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமரட்டும். உள்ளே விளக்கின் உயரத்தை மாற்றும் திருகு இருந்தால் அது பூச்சியத்தில் இருக்கட்டும். சமதளத்தில், வெளிர் நிறச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வாகனத்தை நிறுத்தி, விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அதே உயரத்தைச் சுவரில் குறியுங்கள். லோ பீம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் குறிக்குக் கீழே விழ வேண்டும். எவ்வளவு கீழே என்பது விளக்கின் அருகிலோ பானெட்டின் உட்புறத்திலோ 1.0 சதவீதம், 1.2 சதவீதம் என்பதுபோல் அச்சிடப்பட்டிருக்கும். 1 சதவீதம் என்றால் 10 மீட்டர் தொலைவில் 10 சென்டிமீட்டர் தாழ்வு. சுவரில் பார்ப்பது தோராயமான கணிப்பே. இறுதிச் சரிபார்ப்பை பீம் டெஸ்டர் (ஒளியின் கோணத்தை அளக்கும் கருவி) உள்ள பட்டறையில் செய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் பதில்

எல்.இ.டி. பல்பு குறைந்த மின்னோட்டத்தையே எடுப்பதால், எர்த் சற்றுக் கெட்டிருந்தாலும் பிரகாசமாக எரியும் என்பது உண்மை. உங்கள் நண்பர் அதை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம். ஆயினும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எச்4 பல்பில் லோ பீம் இழைக்கு அடியில் ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருக்கிறது. கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை அது தடுப்பதால்தான் சாலையில் கூர்மையான மேல்விளிம்பு கிடைக்கிறது. பிரதிபலிப்பானின் வளைவு முழுவதும் அந்த இழையின் இடத்தையும் பருமனையும் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. எல்.இ.டி. சில்லுகள் வேறு வடிவில், வேறு இடத்திலிருந்து ஒளியை வீசும்போது அந்தக் கணக்கு பிசகுகிறது. ஓட்டுபவருக்கு வெளிச்சம் கூடியதுபோல் தோன்றினாலும் மேல்நோக்கிச் சிதறும் ஒளி எதிரே வருபவரின் முகத்தில் விழுகிறது. பிரிட்டனின் எம்.ஓ.டி. எனப்படும் வாகனத் தகுதிச் சோதனையில் ஹாலஜனுக்காகச் செய்யப்பட்ட தொகுதிக்குள் எல்.இ.டி. பல்பு போட்ட கார்கள் பொதுவாகத் தேறுவதில்லை. ஜெர்மனியில் சில எல்.இ.டி. பல்புகளுக்கு அனுமதி உண்டு. ஆனால் அது குறிப்பிட்ட வாகன மாதிரிகளுக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் நாட்டின் விதியைப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள்.

வெளிச்சம் போதவில்லை என்பதற்காக 100/90 வாட் பல்பு போடுவதும் இதே அளவு தவறு. மூல வயரிங்கும் ஹோல்டரும் 60/55 வாட்டுக்கானவை (முதல் எண் ஹை பீமுக்கு, அடுத்தது லோ பீமுக்கு).

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. எர்த் பக்கத்தில் மீட்டர் 1.4 வோல்ட் காட்டியது. போல்ட்டுக்கு அடியில் பச்சைக் களிம்பும் துருவும் இருந்தன. தேய்த்து முடுக்கியபின் 0.1 வோல்ட்டாக இறங்கி, இரு விளக்குகளும் ஒரே நிறத்தில் எரிகின்றன. இண்டிகேட்டரோடு சேர்ந்து மங்குவதும் நின்றுவிட்டது. மூடிகளைத் துலக்கிக் கிளியர் கோட்டும் அடித்தாயிற்று. ஆனால் சுவரில் பார்த்தபோது இடப்பக்க ஒளியின் மேல்விளிம்பு வலப்பக்கத்தைவிட உயர்ந்தும் கலங்கலாகவும் விழுகிறது. கோணத் திருகைத் திருப்பிச் சரிசெய்துவிடலாமா?

இரண்டாம் பதில் எழுதியவர்

திருகைத் தொடுவதற்கு முன் பல்பின் இருப்பைப் பாருங்கள். உயரம் மட்டும் மாறியிருந்தால் திருகு என்று எண்ணலாம். விளிம்பும் கலங்கியிருக்கிறது என்பதால், அந்தப் பக்கத்துப் புதிய பல்பு தன் இடத்தில் முழுமையாக அமரவில்லை என்றே தோன்றுகிறது. எச்4 பல்பின் வளையத்தில் மூன்று காதுகள் (வெளியே நீண்ட சிறு தகடுகள்) இருக்கும். அவற்றுள் மேலே வர வேண்டியது மற்ற இரண்டைவிட அகலமானது. மூன்றும் அவற்றுக்குரிய பள்ளங்களில் பதிந்து, கம்பிக் கிளிப் இருபுறமும் சமமாக அழுத்திய பிறகு பல்பு அசையக் கூடாது. விளக்கு ஆறிய பின் கழற்றி, கண்ணாடிக் குமிழில் விரல் படாமல் மீண்டும் பொருத்துங்கள். விரலின் எண்ணெய்ப் பசை அந்தச் சூட்டில் குமிழைக் கெடுத்துவிடும்.

கூடவே, விளக்குத் தொகுதியை கையால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். பழைய வாகனங்களில் அதைத் தாங்கும் நெகிழிக் காது உடைந்திருப்பது அரிதன்று. அப்படியிருந்தால் எந்தக் கோணமும் நிலைக்காது. பல்பும் தொகுதியும் உறுதியாக இருந்து, அதன் பின்னும் மேல்விளிம்பு உயர்ந்தே நின்றால், மேலும் கீழும் நகர்த்தும் திருகை மட்டும் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். பக்கவாட்டுத் திருகை பீம் டெஸ்டர் இல்லாமல் தொட வேண்டாம்.