மைசூர்பாக்கு செங்கல் ஆகிவிட்டது: டம்ளர் கணக்கைக் கிராமுக்கு மாற்றியதில் எங்கே தப்பு?

கேள்வி (புதுத்தராசு):
அம்மாவின் கணக்கு 1 டம்ளர் கடலை மாவு, 2 டம்ளர் சர்க்கரை, 2 டம்ளர் நெய். டிஜிட்டல் தராசு வாங்கிய உற்சாகத்தில் டம்ளரை ஓரங்கட்டிவிட்டேன். ஒரு டம்ளர் கால் லிட்டர், கால் லிட்டர் என்றால் 250 கிராம் என்று வைத்துக்கொண்டு மாவு 250, சர்க்கரை 500, நெய் 500 கிராம் எடுத்தேன். ஒரு கம்பிப் பதம் பார்த்துத்தான் மாவைத் தூவினேன். பாதி நெய் ஊற்றுவதற்குள் கரண்டி நகரவில்லை. ஆறியதும் கத்தி இறங்கவில்லை, குழவியால் உடைத்துத் தின்கிறோம். பாகு முற்றிவிட்டதா, அளவு தப்பா?

அடுக்களைக்காரி:
பாகு மேல் பழி போடாதீர்கள் தம்பி. கால் லிட்டருக்கு 250 கிராம் என்பது தண்ணீர்க் கணக்கு. கடலை மாவுக்கு நடுவில் காற்றுதான் பாதி. 240 மில்லி கப்பில் சலித்துப் போட்டுத் தலைதட்டினால் 100 கிராமைச் சுற்றித்தான் நிற்கும், அமுக்கி நிரப்பினால் 120 கூட வரும். அதே கப்பில் சர்க்கரை 200 கிராம், உருக்கிய நெய் 218 கிராம் அளவில். இப்போது உங்கள் கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: மாவு இரண்டரை கப், சர்க்கரையும் இரண்டரை கப், நெய் அதைவிடக் கொஞ்சம் குறைவு. 1:2:2 போட வேண்டிய இடத்தில் 1:1:1 போட்டிருக்கிறீர்கள். செங்கல் வராமல் என்ன செய்யும்?

படிக்கணக்கு:
முதலில் அந்த டம்ளர் கால் லிட்டர்தானா என்று பாருங்கள். காலி டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். காட்டும் கிராம்தான் மில்லி. எங்கள் வீட்டு ஆழாக்கையும் இப்படித்தான் பிடித்தேன், 168 வந்தது. 8 ஆழாக்கு ஒரு படி, ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறும் என்பதால் பாட்டி குறிப்புகளை இப்படிச் சோதிக்காமல் நம்புவதில்லை.

கல்லுப்பு:
ஒரே டம்ளரால் எல்லாவற்றையும் அளந்தால் அது எந்த டம்ளராக இருந்தாலும் ஒன்றுதான். தராசை ஏன் நடுவில் இழுத்தீர்கள் என்று தெரியவில்லை! சரி, இழுத்தாயிற்று. உப்பிலும் இதே வம்பு உண்டு. ஒரு ஸ்பூன் பொடியுப்பும் ஒரு ஸ்பூன் கல்லுப்பும் ஒரே எடை இல்லை. கல்லுக்கு இடையில் சந்து இருப்பதால் கல்லுப்பு லேசாகத்தான் நிற்கும்.

புதுத்தராசு:
தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், வெறும் 180! ரைஸ் குக்கரோடு வந்த கப்பும் அதே அளவு. அதில் சர்க்கரை 152 கிராம், உருக்கிய நெய் 164 கிராம். மாவுதான் ஆட்டம் காட்டுகிறது: பாக்கெட்டிலிருந்து அப்படியே அள்ளினால் 90, சலித்து அள்ளினால் 79. எதை எடுக்க?

அடுக்களைக்காரி:
அம்மா எப்படி அளப்பாரோ அப்படி. கேளுங்கள். சலித்த மாவு என்றால் 79, 304, 328 என்று எழுதி ஒட்டிவிடுங்கள். எடையில் அது 1:4:4-ஐ ஒட்டி வருகிறது பார்த்தீர்களா? 250 கிராம் மாவைத் தீர்த்தே ஆக வேண்டுமென்றால் நெய் மட்டும் ஒரு கிலோவுக்கு மேல் போகும்.

புதுத்தராசு:
ஃபோன் போட்டேன். "சலிக்காம யாராவது அளப்பாங்களா, அதையுமா சொல்லணும்?" என்றார். 79-தான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கிளறுகிறேன்.