தங்க இடமும் சிகிச்சையும் சேர்ந்து கிடைக்குமா?

எனக்குத் தெரிந்த ஒருவர் எச்ஐவியோடு தெருவில் வாழ்கிறார். இப்போது நிமோனியாவுக்காக மருத்துவமனையில், அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். எந்த வீட்டுக்கு? எச்ஐவி மாத்திரையைத் தினமும் போட வேண்டும், விட்டு விட்டுப் போட்டால் வைரஸ் மருந்துக்கு அடங்காமல் போய்விடும் என்கிறார்கள், சரி, ஆனால் போன முறை தூக்கத்தில் பையோடு மாத்திரையும் திருட்டுப் போனது. சிடி4 எண்ணிக்கை (நோய் எதிர்ப்புச் செல்களின் அளவு) 200-க்குக் கீழே, அதாவது எதிர்ப்புச் சக்தி மிகக் குறைவு, காசநோய் பயம் வேறு. ஒரு காப்பகத்தில் எச்ஐவி என்றதுமே முகம் மாறிவிட்டது (ஒரே தட்டில் சாப்பிட்டால்கூடப் பரவாது, இன்னும் எத்தனை பேரிடம் சொல்வது!). சில மாதம் தங்கவைத்துப் பார்த்து, தேறியதும் வெளிநோயாளியாக வந்துபோக விடும் இடத்தை எப்படித் தேடுவது? மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பிடிப்பதா, சிகிச்சை மையத்து ஆலோசகரையா? யாரையாவது இப்படிச் சேர்த்தவர்கள் சொல்லுங்கள், என்னென்ன ஆவணம் கேட்டார்கள் என்பதையும். அவர் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.