வேலையில் இருந்தபடியே தலைமைத்துவத்தில் பகுதிநேர பிஎச்டி: சொந்த ஆலையிலேயே டேட்டா எடுக்கலாமா?

ஒரகடம்_எச்ஆர்

வணக்கம். எம்பிஏ மனிதவளம், 58 சதவீதம். ஒரகடத்தில் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் எச்ஆர் மேனேஜர். வேலையை விடாமல் தலைமைத்துவம் சார்ந்து பிஎச்டி செய்ய விருப்பம். தலைப்பு ஓரளவு முடிவாகிவிட்டது: ஷிஃப்ட் சூப்பர்வைசர்களின் தலைமைப் பாணியும், தொழிலாளர்கள் வேலையை விட்டுப் போவதும்.

'தலைமைத்துவம்' என்ற பெயரிலேயே துறை தேட வேண்டுமா, மேலாண்மைத் துறையில் சேர்ந்தால் போதுமா? "முழுக்க ஆன்லைன், 18 மாதத்தில் வெளிநாட்டு பிஎச்டி" என்று ஒரு கன்சல்டன்சி தினமும் போன் செய்கிறது, அதை நம்பலாமா? எங்கள் ஆலையிலேயே 300 பேருக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பி டேட்டா எடுக்கலாம் என்று திட்டம். எச்ஆர் என்பதால் பதில் வாங்குவது சுலபம். இதெல்லாம் 3 வருடத்தில் முடியுமா?

பதிவேடு

முதலில் அந்த போன் நம்பரை பிளாக் செய்யுங்கள் மேடம். 2022 நவம்பரில் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பிஎச்டி விதிமுறையில் பகுதிநேரத்துக்கு இடம் உண்டு. தொலைதூரத்துக்கும் ஆன்லைனுக்கும் இடமே இல்லை. எட்-டெக் கம்பெனிகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து விற்கும் ஆன்லைன் பிஎச்டி செல்லாது என்று யுஜிசியும், தொழில்நுட்பக் கல்வி கவுன்சிலான ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரிலேயே கூட்டாக எச்சரித்துவிட்டன. நாளை ஏதாவது கல்லூரியில் பாடம் எடுக்கப் போனால் அந்தப் பட்டம் கைகொடுக்காது.

துறையின் பெயரைப் பார்க்காதீர்கள். இங்கே தலைமைத்துவ ஆய்வுகள் பெரும்பாலும் மேலாண்மைத் துறையில், நிறுவன நடத்தை அல்லது மனிதவளப் பிரிவின் கீழ்தான் நடக்கின்றன. தேட வேண்டியது கைடை, அதாவது நெறியாளரை. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வைத்துக்கொள்ள முடியும். ஓய்வு பெற 3 வருடத்துக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. அதனால் "உங்கள் ஏரியா என்ன சார்" என்று ஆரம்பிக்காமல், "காலியிடம் இருக்கிறதா, ஓய்வு எப்போது" என்று நாசூக்காக விசாரித்துவிடுங்கள். தெரிந்த நிபுணர் வேறு பல்கலைக்கழகத்தில் இருந்தால் அவர் இணை நெறியாளராகத்தான் வர முடியும். முதன்மை நெறியாளர் நீங்கள் சேரும் நிறுவனத்தின் நிரந்தர ஆசிரியராக இருக்க வேண்டும்.

முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், உங்களிடம் இருக்கிறது. நுழைவுக்கு இரண்டு வழி. நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதினால் மேலாண்மைக்கு 17ஆம் எண் தாள், மனிதவளம் மற்றும் தொழிலாளர் நலனுக்கு 55ஆம் எண் தாள். ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) கிடைக்காதவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் எடை. அந்த மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும். பல்கலைக்கழகமே நுழைவுத்தேர்வு வைத்தால் பாதிக் கேள்விகள் ஆய்வு முறையியலில் இருந்து வரும். பத்து வருடம் ஆலையில் இருந்தவர்கள் சறுக்குவது அந்தப் பாதியில்தான்.

அடுத்து என்ஓசி, உங்கள் நிறுவனம் தரும் தடையில்லாச் சான்று. "ஆட்சேபனை இல்லை" என்ற ஒற்றை வரிக் கடிதம் திரும்பி வரும். விதிமுறை மூன்று விஷயம் கேட்கிறது: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, அலுவலக வேலை ஆய்வுக்குப் போதிய நேரம் தருகிறது, தேவைப்பட்டால் கோர்ஸ்வொர்க் (ஆய்வுக்கு முந்தைய வகுப்புப் பாடங்கள்) முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம். மூன்றும் தனித்தனி வாக்கியமாக லெட்டர்ஹெட்டில் இருக்கட்டும். எச்ஆர் என்பதற்காக உங்கள் கடிதத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பிளான்ட் ஹெட்டோ இயக்குநரோ போட வேண்டும். மூன்றாவது வாக்கியத்தில்தான் நிர்வாகம் முரண்டு பிடிக்கும். கோர்ஸ்வொர்க் குறைந்தது 12 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேரம் என்றால் 180 மணி நேர வகுப்பு. சனிக்கிழமை வகுப்பா, வார நாளிலா என்பதைத் துறையில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு நிர்வாகத்திடம் போங்கள். தேர்ச்சிக்கு 55 சதவீதம் வேண்டும்.

காலக்கணக்கு: கோர்ஸ்வொர்க்கையும் சேர்த்துக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் மேலும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 வருடத் தளர்வு உண்டு, மொத்தம் 10ஐத் தாண்டக் கூடாது. 3 என்பது சட்டத்தின் கீழ்வரம்பு. ஷிஃப்ட் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு அதற்குள் முடிப்பவர் அரிது. ஐந்து என்று மனதில் வையுங்கள்.

அளவுகோல்

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் உங்கள் பிஎச்டி கவிழப் போவது அந்த 300 கூகுள் ஃபார்மில்தான், அதைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

"எச்ஆர் என்பதால் பதில் வாங்குவது சுலபம்" என்கிறீர்கள். அதுதான் சிக்கலே. இன்கிரிமென்ட் லெட்டர் கொடுக்கிற அதே கை "உங்கள் சூப்பர்வைசர் எப்படி" என்று கேட்டால் எல்லோரும் 5க்கு 4 போடுவார்கள். டேட்டாவில் ஏற்ற இறக்கமே இருக்காது. ஏற்ற இறக்கம் இல்லாத இடத்தில் எந்தப் புள்ளியியல் மாடலை ஓட்டினாலும் ஒன்றும் வராது. நெறிமுறைக் குழுவும் இதைத்தான் முதலில் கேட்கும். படிவத்தைக் கொடுப்பதும் வாங்குவதும் வெளியாளாக இருக்கட்டும். பெயர், பணியாளர் எண், கூகுள் ஃபார்ம் என்றால் மின்னஞ்சல் என எதுவும் வேண்டாம். ஒட்டிய கவர், பூட்டிய பெட்டி, பெட்டி எச்ஆர் அறைக்கு வெளியே.

இரண்டாவது, தலைமைப் பாணி, திருப்தி, வேலையை விடும் எண்ணம் மூன்றையும் ஒரே ஆளிடம், ஒரே நாளில், ஒரே படிவத்தில் கேட்பது. அன்றைக்கு அவர் மூட் சரியில்லை என்றால் மூன்றும் சேர்ந்து இறங்கும், நீங்கள் அதை 'தாக்கம்' என்று எழுதுவீர்கள். இந்தச் சிக்கல் இருக்கிறதா என்று பார்க்கும் ஹார்மன் ஒற்றைக் காரணிச் சோதனையை ஒரு பத்தியில் போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், வெளித் தேர்வாளர்கள் அதை மதிப்பதில்லை. உங்களிடம் ஒரு தங்கச் சுரங்கம் இருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை: யார் எந்த சூப்பர்வைசரின் கீழ் இருந்து எப்போது நின்றார் என்ற பதிவு. 'விட எண்ணம்' என்று கேட்பதற்குப் பதில், படிவம் வாங்கிய பிறகு வரும் 6 மாதத்தில் ஒவ்வொரு சூப்பர்வைசரின் குழுவிலிருந்தும் எத்தனை பேர் நின்றார்கள் என்று எண்ணுங்கள். குழு அளவில் மட்டும் பொருத்துவதால் தனிநபர் அடையாளமும் தேவைப்படாது. ஒரு சூப்பர்வைசருக்கு 07 என்று எண் கொடுத்தால் அவர் குழுவின் எல்லாப் படிவத்திலும் 07 மட்டும் அச்சடித்திருந்தால் போதும்.

மூன்றாவது, 300 என்ற எண். தொழிலாளர்கள் சூப்பர்வைசருக்குக் கீழே கொத்துக் கொத்தாக இருக்கிறார்கள். ஒரே ஆளைப் பற்றி ஆறு பேர் சொல்வது ஒன்றையொன்று சாராத ஆறு தகவல் ஆகாது. 40 சூப்பர்வைசர், ஆளுக்கு 6 பேர், மொத்தம் 240 என்று வையுங்கள். குழு ஒப்புமை (ஒரே குழுவின் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் அளவு) 0.15 இருந்தால் திருத்தக் காரணி 1 + 5 × 0.15, அதாவது 1.75. 240ஐ அதால் வகுத்தால் நிஜ மதிப்பு சுமார் 137 பேர். சூப்பர்வைசர் அளவில் பேசும்போது உங்கள் மாதிரி 40தான். தொழிலாளர், குழு என இரண்டு நிலையையும் சேர்த்துப் பார்க்கும் பல்நிலை மாடல் தெரிந்த கைடு வேண்டும் என்பது இதனால்தான்.

கேள்வித்தாள் பற்றி. பலரும் கண்ணை மூடிக்கொண்டு, தலைமைப் பாணியை அளக்கும் எம்எல்க்யூ என்று போடுகிறார்கள். 45 கேள்வி, உரிமம் மைண்ட் கார்டன் என்ற நிறுவனத்திடம், பிரதிக் கணக்கில் பணம், தமிழாக்கத்துக்குத் தனி அனுமதி. டீ பிரேக்கில் முடியாது. மேலதிகாரிக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள உறவை அளக்கும் எல்எம்எக்ஸ்-7 ஏழே கேள்விதான். ஆனால் அதில் ஒவ்வொரு கேள்விக்கும் விடைத் தேர்வுகள் வேறு வேறு. எல்லாவற்றையும் 'முழுதும் உடன்படுகிறேன்' என்று ஒரே அச்சில் வார்ப்பது இங்கே வழக்கமாக நடக்கும் தவறு.

தமிழாக்கத்தில் தடுக்கி விழும் இடம் ஒன்று சொல்கிறேன். 'உங்கள் மேலதிகாரி' என்று அச்சடிப்பார்கள். லைனில் நிற்பவருக்கு லைன் லீடர், ஷிஃப்ட் சூப்பர்வைசர், ஷிஃப்ட் இன்ஜினியர், கான்ட்ராக்ட் ஆள் என்றால் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் என நாலு பேர். ஆளுக்கு ஒருவரை நினைத்து டிக் அடிப்பார்கள். படிவத்தின் தலையிலேயே "இந்த வாரம் உங்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தவர்" என்பதுபோல் எழுதுங்கள். ஷிஃப்ட் சுழலும்போது குழு முழுதும் சூப்பர்வைசரோடு சேர்ந்து சுழல்கிறதா, ஆட்கள் மட்டும் மாறுகிறார்களா என்பதையும் பாருங்கள். ஆட்கள் மட்டும் மாறினால் 'என் சூப்பர்வைசர்' என்ற கேள்வியே நிற்காது.

எதிர்மறைக் கேள்விகளும் அப்படித்தான். "அவர் நான் சொல்வதைக் கேட்பதில்லை" என்பதற்கு "உடன்படவில்லை" என்று டிக் அடிக்க வேண்டுமானால் தமிழில் இரண்டு 'இல்லை'யை ஒன்றோடொன்று அடித்துக் கழிக்க வேண்டும். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வருபவரிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். தமிழாக்கி, இன்னொருவரை வைத்துத் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடுவது அவசியம்தான், போதாது. ஐந்து தொழிலாளர்களை உட்காரவைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். 'உத்வேகமூட்டுகிறார்' என்ற இடத்தில் நாக்கு நிற்கும். பிறகு 30 பேரிடம் முன்னோட்டம்.

ஒரகடம்_எச்ஆர்

மிக்க நன்றி. இப்போதுதான் தலை சுற்றுகிறது. எங்கள் ஆலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர்கள் 14 பேர்தான். அப்படியானால் தலைப்பையே விட்டுவிட வேண்டுமா? இன்னொன்று, இரண்டு வருடத்தில் நான் கம்பெனி மாறிவிட்டால் டேட்டா என்ன ஆகும்?

திருத்தப்பிரதி

கம்பெனி மாறும் கேள்விக்கு நான் சொல்கிறேன். படிக்க என்ஓசி ஒரு கடிதம், தரவு எடுக்க அனுமதி இன்னொரு கடிதம், இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். ஒன்றாக இருந்தால் ரிலீவிங் அன்றைக்கு இரண்டும் சேர்ந்து காலாவதியாகும். தரவுக் கடிதத்தில் எந்தப் பதிவுகள், எந்தக் காலம், நிறுவனப் பெயரை மறைத்து ஆய்வேட்டிலும் கட்டுரையிலும் பயன்படுத்தலாம், பணி விலகினாலும் இந்த அனுமதி தொடரும் என நான்கும் இருக்கட்டும். வேலை ஒப்பந்தத்தில் ரகசியக் காப்புப் பிரிவு இருக்கும், அதோடு மோதாமல் சட்டப் பிரிவிடம் ஒரு பார்வை வாங்குங்கள். ஆய்வேடு கடைசியில் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதையும் நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கட்டுரை வெளியீடு பற்றி: சமர்ப்பிக்கும் முன் கட்டுரை கட்டாயம் என்ற தேசிய விதி 2022இல் போய்விட்டது, யுஜிசியின் அங்கீகரித்த இதழ்களுக்கான கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். பல பல்கலைக்கழகங்கள் சொந்த விதியாக இன்னும் கேட்கின்றன. சேரும் நாளின் விதிப் புத்தகத்தைப் பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள். "ஸ்கோபஸ், மூன்று நாளில் ஏற்பு" என்று வாட்ஸ்அப்பில் வந்தால், அசல் இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் திருடிய போலித் தளமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளமான ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலில் இதழைத் தேடி, அங்கிருக்கும் இணைப்பு வழியாக மட்டும் இதழின் தளத்துக்குப் போங்கள். ஸ்கோபஸ் பட்டியலில் சேர்ப்பதை நிறுத்திய இதழா என்பதும் அங்கேயே தெரியும்.

ஆய்வேடு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் ஒற்றுமைச் சதவீதம் 10 வரை பிரச்சினை இல்லை. 10க்கு மேல் 40 வரை திருத்தி மீண்டும் தர வேண்டும், 60க்கு மேல் பதிவே ரத்து. மேலாண்மை ஆய்வேடுகள் மாட்டுவது முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் இலக்கிய மீளாய்வில். "இன்னார் இன்ன ஆண்டில் இப்படிச் சொன்னார்" என்று வரிசையாக அடுக்கும் பழக்கத்தால்.

அளவுகோல்

14 பேருக்குப் பல்நிலை மாடல் வேண்டாம். இரண்டு வழி உண்டு. பக்கத்து ஆலைகள் இரண்டு மூன்றின் அனுமதியோடு 40ஐத் தொட்டுப் பார்க்கலாம். ஒரே ஆலையை மட்டும் காட்டும் ஆய்வேட்டை விட அது வலுவானதும்கூட. உங்கள் ஆலையில் நீங்கள் எச்ஆர் என்ற குறையும் பாதியாகக் கரையும். எச்ஆர் வட்டாரத்தில் இருப்பவருக்கு இந்தக் கதவு எளிதில் திறக்கும்.

இல்லை, ஒரே ஆலைதான் என்றால் கேள்வியைத் திருப்புங்கள். எந்தப் பாணியால் எத்தனை சதவீதம் என்று கேட்காமல், வேலையை விட்ட ஆளுக்கும் சூப்பர்வைசருக்கும் இடையே கடைசி ஒரு மாதத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். 14 சூப்பர்வைசர்கள், நின்றுபோனவர்கள் 25 பேர் அளவில், நேர்காணல். நின்றுபோனவருக்கு உங்களிடம் இன்கிரிமென்ட் பயம் இல்லை, ஆனால் பிஎஃப், ஃபைனல் செட்டில்மென்ட் பாக்கி இருந்தால் பயம் இருக்கும். கணக்கு முடிந்தவர்களை மட்டும் எடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய ஐந்தாறு மணி நேரம் ஆகும், நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கைடுக்கு இப்படி நேர்காணல் வழியாகச் செய்யும் பண்புசார் (குவாலிடேட்டிவ்) ஆய்வு பழக்கமா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். பழக்கமில்லாதவர் இரண்டாம் வருடத்தில் "ஒரு 200 கேள்வித்தாளையும் சேர்த்துக்கோம்மா" என்பார்.