[கலைச்சொல்] த்ரூபுட் = கடைமடைப் பாய்வு?

வணக்கம்.

அதிவேக இணையம் ஊருக்கும் ஆய்வுக்கும் எதற்கெல்லாம் உதவும் என்று தொகுத்துவரும் பக்கத்தில் 'வேகம்' என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது: இணைப்பின் கொள்ளளவு, உண்மையில் வந்துசேரும் தரவு, விடை வர ஆகும் நேரம். முதலாவதற்குப் 'பட்டையகலம்' இருக்கிறது. மூன்றாவதான லேட்டன்சிக்குச் 'சுணக்கம்' போதும். நடுவில் உள்ள த்ரூபுட்டுக்குத்தான் சொல் சிக்கவில்லை. 'வெளியீட்டு வீதம்' என்றால் ஆலையில் நாளைக்கு எத்தனை மூட்டை என்பதுபோல் ஒலிக்கிறது. 'செயல்வீதம்' எதற்கும் பொருந்தும். அதனாலேயே எதையும் சுட்டாது.

'கடைமடைப் பாய்வு' என்று முன்வைக்கிறேன். மதகில் எவ்வளவு திறந்தார்கள் என்பது வேறு, கடைமடைக்கு எவ்வளவு வந்தது என்பது வேறு.

——

> கடைமடைப் பாய்வு

ஐயா, சொல் அழகு. ஆனால் கடைமடை என்றாலே காய்ந்த வயல்தான் கண்முன் வருகிறது. அளவீட்டுச் சொல்லுக்கு அந்தக் குறைப்பாட்டு எதற்கு? மேலும், வீடுவரை வரும் கடைசித் துண்டு இணைப்பான 'லாஸ்ட் மைல்' என்பதற்குக் கடைமடை கச்சிதமாகப் பொருந்துமே, அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன செய்வது? 'கடைப்பாய்வு' என்று சுருக்கவும் முடியாது, கடைத்தெருவில் போய் நிற்கும்.

——

அந்தக் குறைப்பாட்டு இருப்பதால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. கிகாபிட் இணைப்பு வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வியே 'ஏன் வரவில்லை' என்பதுதான்.

கணக்கைப் பாருங்கள். 1 டெராபைட்டை அனுப்ப நொடிக்கு 100 மெகாபிட்டில் ஏறத்தாழ 22 மணி நேரம். 1 கிகாபிட்டில் 2 மணி 13 நிமிடம். இது பட்டையகலக் கணக்கு, காகிதத்தில். போய்வரும் நேரம் 100 மில்லிநொடி உள்ள தொலைவுக்கு 64 கிலோபைட் டிசிபி சாளரத்தோடு (ஒப்புகை வராமலே அனுப்பக்கூடிய தரவின் அளவு; டிசிபி என்பது இணையத்தில் தரவை அனுப்பும் நெறிமுறை) அனுப்பினால் நொடிக்கு 5 மெகாபிட்தான் பாயும். இணைப்பு கிகாபிட்டோ பத்து கிகாபிட்டோ, அதே 5தான். அனுப்பும் கணினி ஒரு சாளரத்தை அனுப்பிவிட்டு, ஒப்புகை வரும்வரை கைகட்டி நிற்கிறது. குழாயை நிரப்ப 1 கிகாபிட் × 0.1 நொடி, அதாவது 12.5 மெகாபைட் வழியில் இருக்க வேண்டும். சாளரத்துக்காகக் கணினி ஒதுக்கும் நினைவகமான டிசிபி பஃபரின் உச்சவரம்பை 32 மெகாபைட்டாக வையுங்கள். பஃபரில் ஒரு பகுதி நிர்வாகச் செலவுக்கே போய்விடும். இரண்டு முனையிலும் மாற்ற வேண்டும். ஒரு முனையில் மட்டும் மாற்றிவிட்டு 'பயனில்லை' என்பவர்கள்தான் அதிகம்.

அடுத்தது இழப்பு. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வுப் பிணையமான ஈஎஸ்நெட் பதிவுசெய்த ஒரு பழுதில், 10 கிகாபிட் ரூட்டர் அட்டை ஒன்று 22,000 பொட்டலங்களுக்கு (பாக்கெட்) ஒன்றைத் தவறவிட்டது. அற்பமாகத் தெரியும். இழப்பு நேர்ந்தால் டிசிபி வேகத்தைக் குறைக்கும் பழைய ரீனோ முறைக் கணக்கில், 1 மில்லிநொடித் தொலைவில் இந்த இழப்போடும் 2 கிகாபிட் பாயும். 100 மில்லிநொடியில் 20 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். பக்கத்து அறையில் சோதித்தால் பழுது கண்ணில் படவே படாது.

கண்டுபிடிக்கும் வழி: பாய்வை அளக்கும் கருவியான ஐபெர்ஃப்3-ஐ ஒரே ஓடையில் ஓட்டுங்கள், பிறகு ஒரே நேரத்தில் எட்டு ஓடையில். எட்டில் மொத்தம் எகிறினால் சாளரமோ இழப்போதான் காரணம். எகிறாவிட்டால் குழாயே அவ்வளவுதான். 94 மெகாபிட்டில் அடம்பிடித்து நின்றால் கம்பியைப் பாருங்கள்: கிகாபிட் ஈதர்நெட்டுக்கு நான்கு இணைக் கம்பியும் வேண்டும், ஒரு இணை அறுந்தாலும் பல சமயம் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் கிகாபிட் ஈதர்நெட்டில் 940 மெகாபிட் சொச்சம்தான் வரும். மிச்சம் பொட்டலங்களின் தலைப்புகளுக்கும் (ஹெடர்) அவற்றுக்கு இடையிலான இடைவெளிக்கும் போகிறது. அதைப் பழுது என்று தேடாதீர்கள்.

பழுது மதகில் இருந்தாலும் நடுவாய்க்காலில் இருந்தாலும் வாடுவது கடைமடைதானே? ஆகவே இந்தச் சொல்லைக் கடைசி மைலுக்குக் கொடுப்பதைவிட இங்கே வைப்பது நியாயம். அதற்கு 'வீட்டிணைப்பு' போதும்.

——

பயன்களை வைத்துச் சொல்லைச் சோதித்தேன்.

நிகழ்வெல்லைத் தொலைநோக்கி (கருந்துளையைப் படம்பிடித்த, உலகெங்கும் பரவிய தொலைநோக்கிகளின் கூட்டு): 2017 ஏப்ரலில் பதிவான தரவு சுமார் 5 பெட்டாபைட். வன்தட்டுகளை விமானத்தில்தான் ஏற்றினார்கள், அமெரிக்காவின் ஹேஸ்டாக் வானாய்வகத்துக்கும் ஜெர்மனியின் பான் நகருக்கும். தென்துருவத் தட்டுகள் குளிர்காலம் முடிந்து விமானம் பறக்கும்வரை காத்துக் கிடந்தன. ஒரே 10 கிகாபிட் இணைப்பில், ஒரு துளி சிந்தாமல் பாய்ந்தாலும் 46 நாள். 'இங்கே தேவை கடைமடைப் பாய்வு' என்று எழுதினால் இடறவில்லை.

சட்டனூகா (அமெரிக்க நகரம்): அந்த ஊரின் மின்வாரியமான இபிபி 2010-இல் ஊர் முழுக்க கிகாபிட் கொடுத்தது. 2014-இல் அங்கிருந்த இசைக்கலைஞரும் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தவரும் லோலா என்ற இத்தாலிய மென்பொருள் வழியே சேர்ந்து வாசித்தார்கள். இங்கே சொல் பொருந்தவில்லை. ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் என்பதால் ஒருவழிக்கே குறைந்தது 15 மில்லிநொடி. சேர்ந்து வாசிப்பவர்கள் 25–30 வரைதான் தாங்குவார்கள். மேடையில் பத்து மீட்டர் தள்ளி நிற்பதற்கு அது சமம். பாய்வை எவ்வளவு கூட்டினாலும் இந்தப் 15 குறையாது.

இதில் 'சுணக்கம்' எனக்கு உறுத்துகிறது. சுணங்கினான் என்றால் அவன்மேல் குற்றம். ஒளி சுணங்கவில்லையே. வரிசையில் பொட்டலம் தேங்கினால் அது சுணக்கம். தூரத்தால் ஆவது வெறும் செல்நேரம்.

——

அப்படியானால் இரண்டாகவே பிரிப்போம். வாசிப்பவருக்கு மொத்தமாக எவ்வளவு என்பதற்கு? 'செல்நேரமும் சுணக்கமும்' என்று ஒவ்வொரு முறையும் எழுத முடியாதே, தம்பி.

——

மொத்தத்துக்கு 'வந்துசேர் நேரம்'. பட்டியலில் இன்று ஏற்றுவது: த்ரூபுட், கடைமடைப் பாய்வு. எடுத்துக்காட்டு வாக்கியம்: 'பட்டையகலம் 1 கிகாபிட், கடைமடைப் பாய்வு 94 மெகாபிட், கம்பியை மாற்றுக.' லேட்டன்சியைத் தனி இழையில் பேசலாம்; தலைப்பைத் தயவுசெய்து மாற்றிவிட்டு எழுதுங்கள்.