வெடித்த களிமண் மனையை வாங்கலாமா? அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். இரண்டு மாடிக் கட்டடம் எழுப்பி வாடகைக்கு விடும் எண்ணத்துடன் ஒரு மனையைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஆவணங்களில் குறையில்லை, மண்தான் கவலை தருகிறது.

தரையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்புகள் உள்ளன. ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்தால் பசைபோல ஒட்டுகிறது. பக்கத்து வீட்டின் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் மிகுந்த களிமண் நீரை உறிஞ்சி உப்பி, காய்ந்ததும் சுருங்குவதால் ஆழமில்லாத அடித்தளம் ஏறி இறங்கும் என்று அறிவேன். அதைவிட, மனையின் ஒரு மூலையில் செங்கல் துண்டுகளும் பாலித்தீன் பைகளும் கலந்த நிரப்பு மண் தென்படுவதே என்னை அதிகம் உறுத்துகிறது. அங்கே முன்பு குட்டை இருந்திருக்கலாம்.

63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழச்செய்து, துளைக்குள் வைத்த குழாய் மண்ணில் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று எண்ணும் ஊடுருவல் சோதனையையும், மண்ணின் உப்பும் தன்மையை அறியும் சோதனையையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்ய விரும்புகிறேன். இத்தகைய மனைக்கு எத்தனை சோதனைத் துளைகள், எவ்வளவு ஆழத்துக்கு இட வேண்டும்? நிரப்பு மண் உள்ள மூலையில் தனித் துளை அவசியமா? அடிப்பகுதி அகன்ற பைல் (நிலத்தில் ஆழமாக இறக்கும் தூண்) அடித்தளம் அமைத்தவர்கள், மண்ணைத் தோண்டி மாற்றுவதோடு ஒப்பிட்டு அதன் செலவு எப்படியிருந்தது என்று கூறினால் பேருதவியாக இருக்கும். சோதனைக்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் விலகிவிடுவதே சரி என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் அவசியம் தெரிவியுங்கள்.