புதுப்பிப்பு: தம்பியின் வயிற்றுவலிக்குக் காரணம் தெரிந்துவிட்டது

பீகாரில் வேலை பார்த்துவிட்டுக் குடியாத்தம் திரும்பிய என் தம்பிக்கு ஓயாத வயிற்றுவலி, பேதி, முகவீக்கம் என்று போன மாதம் இங்கே எழுதியிருந்தேன். வழக்கமான பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் இரண்டு முறை கொடுத்தும் பயனில்லை.

வேலூரில் மலப் பரிசோதனை செய்தோம். குடல் தட்டைப்புழுவின் முட்டைகள் இருந்தன. ஃபேசியோலாப்சிஸ் பஸ்கி என்று பெயர். மனிதக் குடலில் வாழும் தட்டைப்புழுக்களில் இதுதான் மிகப் பெரியது, 7 சென்டிமீட்டர் வரை வளரும். சாதாரணப் பூச்சி மாத்திரைக்கு இது அடங்காது.

டாக்டர் முதலில் கேட்டது, "அங்கே குளத்தில் விளைவது எதையாவது பச்சையாகச் சாப்பிட்டாயா?" என்றுதான். தம்பிக்கு உடனே நினைவு வந்தது: சிங்காரா. மாட்டுக்கொம்பு போல இரு முனை நீண்ட பச்சைக்காய். ஈரத்தோடு வாங்கி, பல்லால் தோலைக் கடித்து உரித்துத் தின்பானாம். அந்தத் தோலில்தான் இளம்புழு அடங்கிய நுண்கூடுகள் ஒட்டியிருக்கும். பன்றி அல்லது மனித மலத்திலிருந்து முட்டை குளத்துக்குப் போய், நத்தைக்குள் வளர்ந்து, பிறகு செடியில் ஒட்டுகிறது. வேகவைத்தால் செத்துவிடும்.

பிராசிகுவான்டெல் மாத்திரையை ஒரே நாளில் மூன்று வேளை கொடுத்தார்கள். மறுநாள் இலை போல் தட்டையாக, சிவந்த புழுக்கள் வெளியேறின. பார்த்த அம்மா அழுதுவிட்டார். இப்போது வலி இல்லை, இரண்டு இட்லி கூடுதலாகக் கேட்கிறான்.

வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா என்று கேட்டவர்களுக்கு: நேரடியாக ஒட்டாது, நடுவில் நத்தை வேண்டும். வடக்கே வேலைக்குப் போய் வந்தவர் வீட்டில் இருந்தால், அங்கே என்ன சாப்பிட்டார் என்பதையும் டாக்டரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.