சுரைப் பிஞ்சு விரல் அளவிலேயே மஞ்சளித்து அழுகுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். கொல்லையில் மண்ணில் விதைத்துப் பந்தலில் ஏற்றிய சுரைக்கொடி, விதைத்து இரண்டு மாதமாகிறது. பந்தல் முழுக்க இலை, ஆண் பூ ஏராளம். பெண் பூ குறைவு. வருகிற பிஞ்சும் நுனி மஞ்சளித்து, சுருங்கி, அழுகி விழுகிறது. காலை 7 மணிக்குக் கையால் மகரந்தம் சேர்த்தும் பிடிக்கவில்லை. வாராவாரம் கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். முட்டை ஓட்டுத் தூள் போட்டால் சரியாகுமா?

பதில் 1:
நேரம்தான் தப்புகிறது. சுரை மாலையில் மலர்ந்து மறுநாள் காலையில் வாடும் பூ. இருட்டில் வரும் அந்துப்பூச்சிக்காகத்தான் அந்த வெள்ளை இதழ். காலை 7 மணிக்கு மகரந்தத்தின் வீரியம் பெரும்பாலும் போயிருக்கும். அதிகாலையில் சேர்ப்பது பூசணிக்குச் சரி. சுரைக்கும் பீர்க்கனுக்கும் மாலைதான்.

பூ நன்றாக விரிந்த பிறகு, 6 மணியிலிருந்து 8 மணிக்குள் செய்யுங்கள். அன்று மலர்ந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து இதழை உரித்துவிடுங்கள். நடுத்தண்டைத் தொட்டால் விரலில் மஞ்சள் மாவு ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் வேறு பூ எடுங்கள். பெண் பூவின் சூல்முடியில் மூன்று மடல் இருக்கும். மூன்றிலும் மகரந்தம் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஒன்றில் மட்டும் பட்டால் காய் கோணலாக வரும், பாதியிலேயே நின்றும் போகும். ஒரு பெண் பூவுக்கு ஒரு ஆண் பூ. பிடித்திருந்தால் நாலைந்து நாளில் பிஞ்சு பருப்பது கண்ணுக்கே தெரியும்.

முட்டை ஓடு வேண்டாம். அது மக்கிச் சத்தாக மாறவே மாதக்கணக்கில் ஆகும், இந்தப் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பதில் 2:
அழுகல் என்கிறீர்களே, பழ ஈயாகவும் இருக்கலாம். மருந்து எதையும் அடிப்பதற்கு முன் விழுந்த பிஞ்சுகளை நீளவாக்கில் நறுக்கிப் பாருங்கள். உள்ளே புழு இல்லாமல் வெறுமனே சுருங்கியிருந்தால் மகரந்தக் குறை. தோலில் ஊசி குத்தியது போலப் புள்ளி, அதில் கோந்துத் துளி, உள்ளே வெள்ளைப் புழு என்றால் ஈ.

கேள்வி கேட்டவர்:
நான்கு பிஞ்சுகளை நறுக்கினேன். மூன்றில் புழு இல்லை. ஒன்றில் கோந்தும் இருக்கிறது, புழுவும் நெளிகிறது.

பதில் 2:
அப்படியானால் இரண்டு கோளாறும் சேர்ந்திருக்கிறது. மகரந்தம் சேர்த்த மறுநாளே பிஞ்சுக்கு மெல்லிய துணிப் பையோ காகித உறையோ மாட்டி, காம்பருகே தளர்வாகக் கட்டுங்கள். காய் பெருக்க உள்ளே இடம் இருக்கட்டும். தோல் இளசாக இருக்கும்போதுதான் ஈ முட்டையிடும்.

ஈப் பொறி வாங்கினால், ஈயை இழுக்கும் வாசனைப் பொருள் 'கியூ லூர்' என்று கேட்டு வாங்குங்கள். மாந்தோப்பில் வைக்கும் மெத்தில் யூஜினால் பொறிக்குக் கொடிக்காய் ஈ வராது. கியூ லூரும் ஆண் ஈயைத்தான் பிடிக்கும், அதனால் உறையை விட்டுவிடாதீர்கள். புழு விழுந்த காயை உரக்குழியில் போடவே கூடாது. பாலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும், எனவே கொடியடி மண்ணை மேலாகக் கிளறிவிடுங்கள். வேர் அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 3:
பெண் பூ குறைவதற்குப் பிண்ணாக்கும் ஒரு காரணம். தழைச்சத்து மிஞ்சினால் கொடி இலையாகவே ஓடும். ஒரு மாதம் நிறுத்துங்கள். தாய்க்கொடியில் ஆண் பூதான் அதிகம் வரும். பெண் பூ பெரும்பாலும் பக்கக் கிளைகளில். தாய்க்கொடி பந்தலேறிவிட்டதால் அதன் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் 10, 12 இலை விட்டதும் அவற்றின் நுனியையும் கிள்ளலாம்.

கேள்வி கேட்டவர்:
கிள்ளிய அன்றே நீர் விடலாமா?

பதில் 3:
விடலாம், வேரடியில் மட்டும். மாலையில் பந்தல் மேல் தெளிக்காதீர்கள், விரிந்த பூவில் தண்ணீர் பட்டால் மகரந்தம் வீணாகும்.